பத்துப் பேர்ச்சில் தன்னிறைவா?

நாட்டில் எது தீர்ந்துபோனாலும் நம் வாசலுக்கு முதலில் வருவது நாற்றுப் பொதிதான். 2011இல் அது ‘திவிநெகும’ என்ற பெயரில் வந்தது. கொரோனா காலத்தில், 2020இல், ‘சௌபாக்கியா’ என்று பெயரை மாற்றிக்கொண்டு வந்தது. 2022 ஜூனில் டொலரும் டீசலும் எரிவாயுவும் ஒருசேரத் தீர்ந்தபோது, அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அமைச்சரவையே முடிவெடுத்தது. வெள்ளிக்கிழமையைப் பிடித்ததில் எனக்குக் குறை இல்லை. ஜும்ஆ முடிந்ததும் பிழைப்பைத் தேடிப் பரவிப் போகச் சொல்வதுதான் நம் மார்க்கமும். பயிர் செய்ய எந்த வளவில் இடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே, அதில்தான் குறை.

பெயர் எதுவானாலும் கதை ஒன்றுதான். ஒவ்வொரு வீடும் தன் சாப்பாட்டைத் தானே விளைவித்துக்கொண்டால் விலைவாசி நம்மை ஒன்றும் செய்யாதாம். மந்திரி சொல்கிறார், கமநல சேவை உத்தியோகத்தர் சொல்கிறார், மிம்பரில் நின்று மௌலவி சொல்கிறார், கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் வட்ஸ்அப்பில் சொல்கிறார். மறுபேச்சுப் பேச ஆளில்லாததால், வெண்டி காய்க்காத வீட்டுக்காரர் சோம்பேறி என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பைத்தான் இங்கே மறுக்கிறேன். முருங்கை மரத்தோடு எனக்குப் பகை கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் ஒருவர் வருடத்துக்குச் சாப்பிடும் அரிசி நூறு கிலோவுக்குக் குறையாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 500 கிலோ. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் அறுபத்தைந்து கிலோ அளவில் அரிசி வரும். ஆகவே 770 கிலோ நெல் வேண்டும். அம்பாறையில் தண்ணீர் ஒழுங்காகப் பாயும் வயல் ஏக்கருக்கு இரண்டாயிரம் கிலோ தந்தால் நல்ல விளைச்சல். அப்படியானால் ஒரு போகத்தில் அந்த வீட்டுச் சோற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 60 பேர்ச்சஸ் வயல் தேவை. இரண்டு போகமும் செய்தால் பாதி போதும் என்பீர்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் வராத வட்டைகள் எத்தனை என்று எந்த விவசாயியிடமும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேங்காய். நாட்டில் ஆளுக்கு வருடத்துக்கு நூறு தேங்காய்க்கு மேல் செலவாகிறது. நாள் தவறாமல் பாலாணம் வைக்கும் வீட்டில் இன்னும் கூடும். ஐந்து பேருக்கு ஐந்நூறு என்று வைத்துக்கொள்வோம். மரம் ஒன்று வருடத்துக்கு ஐம்பது காய் தந்தால் பத்து மரம் வேண்டும். தென்னையை நெருக்கி வைக்க முடியாது. ஏக்கருக்கு 64 மரம்தான் கணக்கு. பத்து மரத்துக்கு 25 பேர்ச்சஸ் போய்விடும். சோறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து 85 பேர்ச்சஸ் ஆகிவிட்டது. இன்னும் கறிக்கே வரவில்லை. பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா இவற்றை எந்த வளவில் போடுவது?

இனி வளவை அளப்போம். கல்முனை மாநகர சபையின் எல்லைக்குள் இருபத்திச்சொச்சம் சதுர கிலோமீற்றரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருக்கிறோம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் பிரதான வீதியை ஒட்டிய மணல் கீற்றில்தான் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும். இந்தக் கீற்றில் காணி ஏன் இப்படிச் சுருங்கியது என்பதை ஜனத்தொகையை வைத்து மட்டும் விளக்க முடியாது. நம் கல்யாண வழக்கமும் அதில் இருக்கிறது. இங்கே கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் இன்னொரு கூரையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அதையும் கொடுப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சீதனத்தின் கொடுமையைப் பேசுவோர் பேசட்டும். கணவன் கைவிட்டாலும் இந்தக் கரையில் ஒரு பெண் தெருவில் நிற்காமல் இருப்பதற்கு அவள் பெயரில் இருக்கும் அந்த வீடும் ஒரு காரணம். அதற்கு நாம் கொடுத்த விலை, வளவு. மூத்தம்மாவின் நாற்பது பேர்ச்சஸ் நாலு மகள்மாருக்குப் பத்துப் பத்தாகப் போனது. அவர்களுடைய மகள்மாருக்கு அத்திவாரம் வெட்டும்போது மாமரம் போனது, தென்னை போனது, கிணற்றடியில் நின்ற வாழையும் போனது. இப்போது பக்கவாட்டில் இடமில்லாமல் மேலே கட்டுகிறோம். மகள்மாரை வைத்துக்கொண்டு வீட்டுத்தோட்டமும் செய்யச் சொல்கிறவர், எந்த மகளின் வீட்டை இடிப்பதென்றும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சுனாமி மிச்சத்தையும் முடித்தது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக்கூடிய உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். அதன் பிறகு கல்முனைக் கரையில் கடலிலிருந்து 65 மீற்றருக்குள் குடியிருக்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டார்கள். அங்கிருந்தவர்களில் பலருக்கு மாடி வீடு கிடைத்தது. கல்முனை கிறீன்பீல்ட் தொடர்மாடியில் இரண்டாம் தட்டில் இருக்கும் ஒருவரிடம் போய் உங்கள் தோட்டம் எங்கே என்று கேட்டால், அவர் பல்கனியில் காயும் சாரத்தைத்தான் காட்டுவார். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் பற்றைக் காடாகிக் கிடந்தன. காணி என்பது இந்த மாவட்டத்தில் அரசியல். வீட்டுக்காரரின் சுறுசுறுப்பால் கூடிக் குறைகிற பொருளல்ல.

மண்ணும் நமக்குச் சாதகமாக இல்லை. கடற்கரை மணல் தண்ணீரை நிறுத்தி வைக்காது. காலையில் ஊற்றினால் மாலையில் காய்ந்து கிடக்கும். அதைப் பயிர் மண்ணாக்க எருவும் குப்பையும் வருடக்கணக்கில் போட வேண்டும். குப்பைக்கா பஞ்சம்? நம் அடுப்படிக் கழிவெல்லாம் பொலித்தீனோடு கலந்து ட்ரக்டரில் ஏறிப் போய்விடுகிறது. இந்த மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளிலெல்லாம் வந்தது. கன்று கொடுக்கும் அரசாங்கமும் குப்பை அள்ளும் சபையும் ஒரு நாள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால், அந்தக் கழிவில் பாதியாவது எருவாகத் திரும்பி வந்திருக்கும். நெருக்கமான வளவில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் ஐம்பதடி இடைவெளி கிடைப்பதே பெரும்பாடு. அந்தக் கிணற்று நீரை நம்பிக் கீரை வளர்க்கச் சொல்வதற்கு முன் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வீட்டுத்தோட்டம் என்கிறார்கள். வீட்டில் யார்? இந்தக் கேள்வியை ஒரு சுற்றறிக்கையிலும் நான் கண்டதில்லை. 2022இல் எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தாவுக்குக் கொடுத்த கன்றுகளைக் கிட்ட நின்று பார்த்தேன். கறுப்புப் பொலித்தீன் பைகளில் கொச்சிக்காயும் கத்தரியும். முற்றம் முழுக்கச் சீமெந்து என்பதால் மதிலோரம் வரிசையாக வைத்திருந்தார். பையின் அடித்துளையால் வெளியே வந்த வேர், போக மண்ணில்லாமல் சீமெந்தின் மேல் வட்டம் போட்டுச் சுருண்டு கிடந்தது. இலைகள் மேல்நோக்கி மடங்கிவிட்டன. அடுப்புச் சாம்பலைத் தூவியிருந்தார், பலிக்கவில்லை. ‘‘தண்ணி ஊத்துறது ஆரு மகன்? நான்தான். தண்ணி பில்லு கட்டுறது ஆரு? அதுவும் நான்தான். படம் புடிச்சது மட்டும்தான் அவங்க’’ என்றார்.

அந்த நாட்களில் அவருக்கு வேறு வேலை இல்லாமலா இருந்தது? 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா; அதுவும் வரிசையில் நின்றால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விறகு தேடி, புகை ஊதி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் மதரஸாவுக்கும் அனுப்பி, மண்ணெண்ணெய் வரிசைக்கு ஒரு ஆளை அனுப்பி, மிச்ச நேரத்தில் நாட்டின் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையையும் அவர் தீர்க்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் உம்மா சவூதியிலோ குவைத்திலோ வேறொரு குடும்பத்தின் அடுப்படியில் நிற்கிறார். இங்கே பிள்ளைகளைப் பார்ப்பது மூத்தம்மா. அந்த மூத்தம்மாவைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வருமா?

மூத்தம்மா என்றதும் அடுத்த வாதம் வரும். ‘அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் கடைக்கா போனார்கள்?’ போனார்கள். கூப்பன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். இலங்கையில் அரிசிப் பங்கீடு 1942இல், யுத்த காலத்தில் தொடங்கியது. 1979இல் உணவு முத்திரை வரும் வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, அந்த ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். தன்னிறைவான வீடுகள் நிறைந்த நாட்டில் கூப்பன் அரிசிக்காகவா ஓர் அரசாங்கம் ஆட்டம் காணும்? வயல் போடியாருக்கு, முல்லைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் களவெட்டியில் அளந்து கொடுத்த பங்கு. கரைவலை இழுத்தவர் மீனைக் கொடுத்து நெல் வாங்கினார். ஒஸ்தா மாமாவுக்கும் வண்ணாருக்கும் பள்ளிவாசலுக்கும் நெல் போனது. மூத்தம்மாவின் வளவில் முருங்கையும் கறிவேப்பிலையும் நாலு கோழியும் இருந்தது உண்மை. ஆனால் அவர் பசியாறியது அந்த ஊரின் கொடுக்கல் வாங்கலால். வளவை மட்டும் நம்பியிருந்தால் அவர் பிள்ளைகள் தேய்ந்தே போயிருப்பார்கள்.

2021, 2022இல் நம்மைப் பட்டினிக்குக் கிட்ட கொண்டுபோனது எது என்பதையும் மறக்கக் கூடாது. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியால் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். கல்லோயாத் தண்ணீர் பாயும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர் வட்டைகளில் பெரும்போகம் மஞ்சளடித்து நின்றது. 2021இல் நாட்டின் நெல் விளைச்சல் ஐம்பது லட்சம் தொன்னைத் தாண்டியிருந்தது. 2022இல் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அரிசி ஏற்றுமதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதே வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. சிறு இயந்திரப் படகுக்காரர் கடலுக்குப் போவதா விடுவதா என்று கரையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். வயலும் கடலும் சேர்ந்து இப்படி அடிவாங்கிய அதே வருடம்தான் நம் கையில் கொச்சிக்காய்க் கன்றைத் தந்தார்கள். கரையிலும் இதே கதைதான், ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். வாயை மணல் அடைத்தது. அண்டிய கரையைக் கடல் அரித்துத் தென்னங்காணிகளை விழுங்கியது. விழுந்த தென்னைகளுக்குக் கணக்குச் சொல்லாதவர்கள் தென்னங்கன்று விநியோக விழாவுக்கு மட்டும் மாலையோடு வருகிறார்கள்.

மருதமுனை தன் தறியால் நின்ற ஊர். தன்னிறைவுக்காரர்கள் விரும்பிக் காட்டும் உதாரணமும் அதுதான். நானும் அதையே எடுக்கிறேன். 1970க்குப் பின் சிறிமாவோ ஆட்சியில் இறக்குமதித் துணி இறுகியபோது கைத்தறிச் சாரமும் சாரியும் நன்றாக விலைபோயின. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்ததும் மலிவுத் துணி வந்து குவிய, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த இடைவெளியில் மருதமுனை நெசவாளி சோம்பேறி ஆகிவிட்டாரா? அவர் கையும் காலும் அதே தறியில்தான் இருந்தன. மாறியது கொழும்பில் எடுத்த முடிவு. செழித்த காலத்திலும் நூலும் சாயமும் வெளியிலிருந்தே வந்தன. வீட்டுக்குள் நடந்த தொழில் என்பதால் அது வீட்டின் தன்னிறைவு ஆகிவிடாது. சிறிமாவோ ஆட்சியின் ‘உணவு யுத்தத்தை’ இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள், பாண் வரிசையையும், மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனால் வழிமறித்துப் பறித்ததையும் அப்போது வாழ்ந்தவர்களிடம் கேட்டு அறிந்துகொள்ளட்டும்.

கியூபாவைக் காட்டுவார்கள். சோவியத் யூனியன் சரிந்து எண்ணெயும் உரமும் நின்றபோது ஹவானா நகரத்துக்குள்ளேயே காய்கறி விளைவித்தார்கள் என்பது சரி. அங்கே அரசு தன் வெற்று நிலங்களை மக்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் பயிர் செய்யக் கொடுத்தது. விதையும் ஆலோசனையும் கொடுத்தது. அப்படியிருந்தும் கியூபா இன்றுவரை தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. காந்தியையும் காட்டுவார்கள். அவரும் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் தன்னிறைவுக்கு அளவுகோலாகக் கொண்டது கிராமத்தை. ஒரு வீடு தனியாக எல்லாம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் தலையில் நாம் கட்டிய கதை.

மிம்பருக்கும் ஒரு வார்த்தை. மரம் நடுவதைத் தர்மமாக்கும் ஹதீஸ்களை ஓதுங்கள், கேட்கிறோம். அதோடு மதீனாவின் மற்றக் கதையையும் ஓதுங்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபுக்கு, அன்ஸாரியான ஸஅத் பின் ரபீஃ தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தலைநிமிர்ந்தார். தோட்டக்காரரும் வியாபாரியும் ஒருவரையொருவர் நம்பிய ஊர் அது. விளைச்சலின் ஸகாத்தையே எடுங்கள்: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. நெல் வீட்டை விட்டு வெளியே போவதைக் கடமையாக்கிய மார்க்கம், வீட்டுக்கு வீடு மதில் கட்டிக்கொண்டு பிழைக்கச் சொல்லுமா? 2020 நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையில் கொரோனா பரவி ஊரை மூடியபோது வீடுகளுக்குள் அடைபட்டவர்களைக் காப்பாற்றியது பூச்சாடி வெண்டி அல்ல. படலை படலையாக உலர் உணவு கொண்டுபோய் வைத்த ஆட்கள்தான்.

அப்படியானால் வளவில் ஒன்றும் வைக்காதே என்கிறேனா? வையுங்கள். முருங்கையிலைச் சுண்டலும் பொன்னாங்காணியும் பிள்ளைக்கு இரும்புச்சத்து. கறிவேப்பிலையும் பச்சைக் கொச்சிக்காயும் கடைக்கு ஓடும் ஓட்டத்தைக் குறைக்கும். நாலு கோழி இருந்தால் முட்டை விலை ஏறும் நாளில் மனசுக்குத் தெம்பு. அதன் அளவு அவ்வளவுதான். அதைத் தேசியக் கொள்கையாக்கி, விதானைமாரைக் கொண்டு எண்ணிக்கை எடுத்து, காய்க்காத வீட்டைக் குற்றவாளியாக்குவதை ஏற்க முடியாது. வீட்டுக்காரர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார். தண்ணீர், உரம், நெல்லுக்கு விலை, கடலுக்குப் போக மண்ணெண்ணெய், மேய்ச்சலுக்குத் தரை, மருதமுனைக்கு நூல் என்று எந்த வீட்டாலும் தனியாகச் செய்ய முடியாதவற்றைச் செய்யத்தான் வரி வாங்கும் அரசாங்கம் ஒன்று இருக்கிறது.

அடுத்த நெருக்கடியிலும் பொதி வரும், பெயர் மட்டும் புதிதாக இருக்கும். கன்று நல்லதாக இருந்தால் வாங்கி வையுங்கள். ஆனால் படத்துக்கு நிற்பதற்கு முன் வந்தவரிடம் கேளுங்கள்: இந்தப் பெரும்போகத்துக்கு உரம் விதைப்புக்கு முன் வருமா, அறுவடைக்குப் பின்னா? நெல்லை அரசு எந்த விலைக்கு, எந்தத் திகதியிலிருந்து வாங்கும்? ஒலுவில் கரையைக் கடல் தின்பதை யார் நிறுத்துவது? நம் அடுப்படிக் கழிவு யானை வயிற்றுக்குப் போகாமல் எருவாகி நம் மணலுக்கு வருவது எப்போது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு படத்துக்கு நில்லுங்கள்.